செல்போன் கடையில் என்னதான் விற்கிறார்கள்? - ஒரு ஆற்காட்டு வரலாறு

ஆற்காடுன்னு சொன்னா வரலாற்றுப் பிரியர்கள் நேரா 1751-க்குப் போயிடுவாங்க. ராபர்ட் கிளைவ், ஐம்பது நாள் முற்றுகை, இன்னும் மிச்சம் நிக்கிற டில்லி கேட். சாப்பாட்டுப் பிரியர்கள் நேரா மக்கன் பேடாவுக்குப் போயிடுவாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் இந்தப் பதிவில் தீனி கம்மி. நான் எழுதப் போறது பஸ் ஸ்டாண்டைச் சுத்தி இருக்கிற செல்போன் கடைகளோட முப்பது வருஷக் கதை.

"இதெல்லாம் ஒரு வரலாறா?"ன்னு நீங்க கேக்கலாம். கிளைவ் ஐம்பது நாள்தான் முற்றுகைக்குள்ள இருந்தார். எங்க ஊர் செல்போன் கடைக்காரங்க முப்பது வருஷமா இருக்காங்க. அதனால தாராளமா வரலாறுதான் :-)

எனக்கு இதுல அக்கறை வர ஒரு காரணம் உண்டு. அம்மாவோட தம்பி, அதாவது என் மாமா, 1994-ல் எஸ்டிடி பூத் வச்சு ஆரம்பிச்சவர். அதே பத்துக்குப் பத்து கடைதான் இன்னிக்கு 'மொபைல்ஸ்'. நான் படிச்சு முடிச்சு பொட்டி தட்டுற வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. லீவுக்கு ஊருக்குப் போனா பாதி நாள் அந்தக் கடை ஸ்டூல்லதான் உக்காந்திருப்பேன். அங்க உக்காந்து பழைய கணக்கு நோட்டைப் புரட்டினதுல எனக்குப் புரிஞ்ச விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்.

செல்போன் கடை எந்தக் காலத்திலயும் செல்போனை வித்துப் பிழைக்கலை. போனுக்குப் பக்கத்துல இருந்த வேற ஏதோ ஒண்ணை வித்துத்தான் பிழைச்சது. அந்த 'வேற ஏதோ ஒண்ணு' சில வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கிட்டே இருந்துச்சு. மாத்தினவங்க யாரும் ஆற்காட்டுல இல்லை.

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. கொசுவத்தியைச் சுத்திடலாம்.

மஞ்சள் போர்டு காலம்

மாமா கடையோட முதல் வாடிக்கையாளர்கள் தோல் ஏஜென்ட்டுகள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர்னு இந்தப் பக்கம் முழுக்கத் தோல்தான் பிழைப்பு. பச்சைத் தோல் விலை என்ன, இன்னிக்கு லாரி கிளம்பிச்சா, இதுக்கெல்லாம் சென்னை பெரியமேட்டுக்கும் கான்பூருக்கும் கல்கத்தாவுக்கும் பேசணும். அடுத்து வளைகுடாவுல ஆள் இருக்கிற குடும்பங்கள். ராத்திரி 11 மணிக்கு மேல எஸ்டிடி கட்டணம் கால் பங்கா குறையும். அதுக்காகப் பத்தரைக்கே வரிசை கட்டி நிப்பாங்களாம்.

அப்ப மாமா வித்தது என்ன? நிமிஷங்கள். டெலிபோன் டிபார்ட்மென்ட்டோட நிமிஷத்தை வித்துக் கமிஷன் வாங்கினார். மீட்டர் ஓடும், பில் குட்டி பிரிண்டர்ல வரும், சண்டை வராது.

இந்தியாவோட முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் கூடப் பேசினார். நிமிஷத்துக்கு 8 ரூபாய் 40 காசு, நெரிசல் நேரத்துல 16 ரூபாய் 80 காசு. நீங்க கூப்பிட்டாலும் காசு, உங்களை எவனாவது கூப்பிட்டாலும் உங்களுக்குத்தான் காசு. கடன்காரன் போன் பண்ணினா அதுக்கும் நாமதான் அழணும்.

சென்னைக்கு ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல்னு ரெண்டு கம்பெனி லைசென்ஸ் வாங்கியிருந்தாங்க. அது சென்னைக்கு மட்டும். மிச்சத் தமிழ்நாடு தனி வட்டம். 2005 வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆற்காடு அந்த 'மிச்சத்துல' வரும். ஏர்செல் 1999-ல் தமிழ்நாடு வட்டத்துல சேவையைத் தொடங்கினப்பதான் நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழி பிறந்துச்சு. அதே 1999-ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, கம்பெனிங்க அரசுக்குக் கட்டவேண்டிய நிரந்தர லைசென்ஸ் தொகையை எடுத்துட்டு, வருமானத்துல பங்குன்னு மாத்துச்சு. கம்பெனிங்க மூச்சு விட்டாங்க, விலை இறங்க ஆரம்பிச்சது.

மாமா பூத்து மீட்டருக்கு அப்பவே நாள் குறிச்சாச்சு. அவருக்குத்தான் அது தெரியாது.

வித் பில்லா, வித்தவுட் பில்லா?

2000 வாக்குல மாமா கண்ணாடிப் பெட்டியில நாலு போன் வச்சார். எங்கிருந்து? சென்னை பர்மா பஜாரிலிருந்து.

பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களோட பிழைப்புக்காக 1969-ல் உருவான கடைத்தெரு அது. வெளிநாட்டுச் சாமான்னாலே அங்கதான். இறக்குமதி வரியும் விற்பனை வரியும் சேர்ந்தா ஒழுங்கான வழியில வர்ற போன் விலை ஏறிடும். நோக்கியாவுக்கு எச்சிஎல் இன்ஃபோசிஸ்டம்ஸ் அதிகாரப்பூர்வ விநியோகஸ்தரா இருந்தாங்க. அவங்க போன் பில்லோட, வாரண்டியோட வரும். பர்மா பஜார் போன் ரெண்டும் இல்லாம, ஆனா சல்லிசா வரும். வளைகுடாவிலிருந்து லீவுல வர்றவங்க பெட்டியிலயும் ஒண்ணு ரெண்டு வரும். அது 'துபாய் பீஸ்'. அதுக்குத் தனி மவுசு.

"வித் பில்லா, வித்தவுட் பில்லா?" இதுதான் அன்னிக்குக் கடையில முதல் கேள்வி. பெரும்பாலானவங்க பில் வேணாம்னுதான் சொன்னாங்க. போன் கெட்டுப்போனா? "பாய், நீங்க இருக்கீங்கல்ல" அப்படின்னு பக்கத்துக் கடை பாயைப் பாத்து சொல்லுவாங்க. மாமாகிட்ட வந்தா "அண்ணே, நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. வாரண்டி கார்டுக்குப் பதிலா ஒரு மனுஷன். அந்தக் காலத்துல கடையில வித்தது போன் இல்லை, இந்த உத்தரவாதம்தான். போன்ல நின்ன காசு, அந்த உத்தரவாதத்துக்கான கூலி.

2003: எல்லாம் மாறின வருஷம்

2002 அக்டோபரில் பிஎஸ்என்எல் செல்ஒன் வந்தது. 2002 டிசம்பர் 28, திருபாய் அம்பானியோட பிறந்தநாள் அன்னிக்கு ரிலையன்ஸ் இன்ஃபோகாம் அறிமுகம். 2003 மே மாசத்திலிருந்து இன்கமிங் இலவசம். 2003 ஜூலையில் ரிலையன்ஸ் 'மான்சூன் ஹங்காமா' திட்டம், முதல்ல 501 ரூபாய் கட்டினா போன் கையில. அதே வருஷக் கடைசியில் நோக்கியா 1100.

ஒரே வருஷத்துல இவ்ளோ. ஆனா கடைக்காரர் கண்ணோட பாத்தா இதுல பெரிய விஷயம் இன்கமிங் இலவசம்தான். அதுவரைக்கும் செல்போன் வச்சிருக்கிறதே செலவு. அதுக்கப்புறம் போனைச் சும்மா வச்சிருந்தாலே லாபம், யாராவது கூப்பிடுவாங்க. பிளம்பர், ஆட்டோக்காரர், தோல் ஷாப்புல தினக்கூலி, எல்லாருக்கும் போன் அர்த்தமுள்ளதா ஆச்சு.

நோக்கியா 1100 பத்தித் தனிப் பதிவே போடலாம். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்த போன். தூசி புகாத கீபேட், தலையில டார்ச். 2008-க்கு அப்புறம் தமிழ்நாட்டுல மணிக்கணக்கா கரண்ட் கட் ஆன வருஷங்கள்ல அந்த டார்ச்சோட அருமை தெரிஞ்சது. எங்க பாட்டிக்கு அது டார்ச் லைட்டுதான், அதுல பேசவும் முடியும், அவ்ளோதான் :-)

2006-ல் நம்ம பெங்களூர் ஹைவேயிலயே, ஆற்காட்டிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்ல, ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்குச்சு. ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை, அதுல நிறைய பேர் பன்னெண்டாவது முடிச்ச பொண்ணுங்க. நல்ல பீஸ் வேணும்னா பெட்டியில 'மேட் இன் பின்லாந்து'ன்னு தேடின ஜனம், கொஞ்ச நாள்ல 'நம்ம ஸ்ரீபெரும்புதூர் மேக்'னு பெருமையா சொல்லிக்க ஆரம்பிச்சது. வரி குறைஞ்சதும் உள்ளூர் உற்பத்தியும் சேர்ந்து, பில் இல்லாத போனுக்கும் பில் போட்ட போனுக்கும் இருந்த விலை வித்தியாசத்தைக் கரைச்சிடுச்சு.

நல்லதுதானே? நாட்டுக்கு நல்லது. ஆனா மாமா கடையில போன் மேல நின்ன காசும் அதோட சேர்ந்து கரைஞ்சுடுச்சு. எல்லாக் கடையிலயும் ஒரே போன், ஒரே விலை, ஒரே வாரண்டி. பேரம் பேசினா நூறு ரூபா குறைக்கணும், அந்த நூறு நம்ம கையிலிருந்துதான் போகும்.

பத்து ரூபாய் ஈசி

அப்ப எதை வித்துப் பிழைக்கிறது? பேச்சை.

முதல்ல சுரண்டல் அட்டை. அப்புறம் கடைக்காரர் போனிலிருந்தே பண்ற டாப்-அப். எங்க ஊர்ல எந்த கம்பெனி ரீசார்ஜா இருந்தாலும் "பத்து ரூபாக்கு ஈசி போடுபா"ன்னுதான் கேப்பாங்க. பத்து ரூபாய் போட்டா வரியும் கட்டணமும் போக ஏழு ரூபாய் சொச்சம் ஏறும். மீதி எங்க போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டை.

சின்ன சிம் திட்டங்கள் சந்தையையே தூக்கி நிறுத்திச்சு. 2005 டிசம்பர்ல 999 ரூபாய்க்கு 'ஆயுள் கால' இன்கமிங் வந்துச்சு. அப்புறம் அதுவும் சரசரன்னு இறங்குச்சு. ரேட் கட்டர், பூஸ்டர், எஸ்எம்எஸ் பேக்னு கடைச் சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வச்சிருப்பாங்க. தீபாவளி, பொங்கல் அன்னிக்கு எஸ்எம்எஸ் பேக் செல்லாதுன்னு தனியா ஒரு வரி.

மாமா நோட்டுல 2007, 2008 பக்கங்களைப் பாத்தா மிரண்டுடுவீங்க. பத்து, பத்து, இருபது, பத்து, முப்பது. ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு வரி. சாயந்திரம் அஞ்சரைக்கு ஷூ கம்பெனி பஸ் வந்து நின்னா, அடுத்த அரைமணி நேரம் கடையில நிக்க இடம் இருக்காது. நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்ணினா ரெண்டு மூணு ரூபாய் கமிஷன். சில்லறைக் காசுதான், ஆனா தினமும் ஓடுற சில்லறை. வாடகையும் கரண்ட் பில்லும் அதுலயே போயிடும்.

இந்த வியாபாரத்துல யாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. கடைக்காரர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு முன்பணம் கட்டித்தான் பேலன்ஸ் வாங்கணும். ஆனா வாடிக்கையாளர் "சம்பளம் வந்ததும் தர்றேன்"ம்பார். மேல கம்பெனிக்கு ரொக்கம், கீழ ஜனத்துக்குக் கடன். நடுவுல மாமா. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் கம்பெனிங்களோட கடன் புத்தகத்தை, வட்டியில்லாம, இந்த மாதிரி பொட்டிக் கடைங்கதான் சுமந்துச்சு.

2009-ல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு காசுன்னு வந்தாங்க. சில மாசத்துல எல்லா கம்பெனியும் அதே வழிக்கு வந்தாங்க. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். பேச்சு மலிவாச்சு, ஒரு ஆளுக்கு ஆகுற ரீசார்ஜ் குறைஞ்சது, கமிஷனும் குறைஞ்சது.

சைனா செட்டும் 199 ரூபாயும்

இதுக்கு நடுவுல சைனா செட். 2007-ல் சீன அரசு கைபேசி தயாரிக்கத் தேவையான தனி அனுமதி முறையை எடுத்துச்சு. தைவானோட மீடியாடெக் கம்பெனி சிப்பும் அதோட சாஃப்ட்வேரும் ஒண்ணாக் கட்டிக் கொடுத்தாங்க. ஷென்சென்ல யார் வேணும்னாலும் போன் பண்ணலாம்னு ஆச்சு. ரெண்டு சிம், நாலு ஸ்பீக்கர், ஊர்த் திருவிழா மாதிரி சத்தம். ரிச்சி தெருவுலயும் பர்மா பஜாருலயும் மூட்டை மூட்டையா வந்து இறங்குச்சு. இதுல மறுபடி காசு நின்னுச்சு, ஏன்னா மறுபடியும் பில் இல்லை, வாரண்டி இல்லை, "அண்ணே, நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

நிறைய செட்டுல ஐஎம்இஐ எண்ணே கிடையாது. இல்லேன்னா எல்லா செட்டுக்கும் ஒரே எண். பாதுகாப்புக் காரணம் சொல்லி, 2009 டிசம்பர் 1 முதல் அந்த மாதிரி போன்களுக்கு சேவை கிடையாதுன்னு அரசு உத்தரவு போட்டாங்க. அதுக்கு முன்னாடி 199 ரூபாய் கட்டி எண் ஏத்திக்கிற திட்டமும் இருந்தது. யார் வீட்டு போன் நின்னாலும் சண்டை வந்தது கடைக்குத்தான், டெல்லிக்கு இல்லை. மாமா கையில விக்காம இருந்த செட்டுங்க அலங்காரப் பொருளாச்சு. அதுல ஒண்ணு ரொம்ப நாள் எனக்கு விளையாட்டுச் சாமான்.

அந்த இடத்தை மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவான்னு இந்திய பேர்கள் பிடிச்சாங்க. அதே மாதிரி செட், ஆனா எண் இருக்கும், பில் இருக்கும். கடையில காசு? மெமரி கார்டுல. 'பாட்டு ஏத்தித் தரப்படும்'னு ஒரு அட்டை தொங்கும். ஒரு பழைய கம்ப்யூட்டர், அது நிறைய இளையராஜா, கானா, நாகூர் அனிபா. இது சட்டப்படி சரியான்னு கேக்காதீங்க. எட்டாவது படிக்கும்போது லீவு நாள்ல அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துதான் நான் ஃபோல்டர்னா என்ன, வைரஸ்னா என்னன்னு கத்துக்கிட்டேன். இன்னிக்கு வாங்குற சம்பளத்துக்குப் பிள்ளையார் சுழி அங்கதான்.

2014: கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே

2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி, ஃப்ளிப்கார்ட்டுல மட்டும். மே மாசம் 6,999 ரூபாய்க்கு மோட்டோ இ, அதுவும் அங்க மட்டும். ஜூலையில ஷாவ்மி, எம்ஐ 3 போனை 13,999-க்குக் கொண்டு வந்தாங்க. அதுவும் அங்கதான், சில விநாடியில வித்து முடிஞ்சது. அக்டோபர் 6 'பிக் பில்லியன் டே'. 2014 நவம்பர் 1, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்துச்சு. நோக்கியாவோட கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்ப, வரி வழக்குல மாட்டியிருந்த இந்த ஆலை மட்டும் அந்த வியாபாரத்துல சேரலை. பல ஆயிரம் பேர் ஒரே வருஷத்துல வீட்டுக்குப் போனாங்க.

கடைக்காரருக்கு இது புது மாதிரி அடி. அதுவரைக்கும் லாபம் குறைஞ்சது, சரக்கு கிடைச்சது. இப்ப, ஜனம் கேக்குற போனே கடைக்கு வராது. "அந்த ரெட்மி இருக்கா?" "இல்லை தம்பி, அது ஆன்லைன்ல மட்டும்தான்." கடைக்காரரே ராத்திரி உக்காந்து ஆன்லைன்ல ஆர்டர் போட்டு, ஐந்நூறு சேர்த்து வித்த கூத்தும் நடந்துச்சு.

அந்த நேரத்துலதான் ஒப்போவும் விவோவும் எதிர்த் திசையில வந்தாங்க. ரெண்டும் 2014-ல் இந்தியாவுக்குள்ள வந்த கம்பெனி. ஆன்லைனை விட்டுட்டு நேரா கடைக்கு வந்தாங்க. போர்டு நாங்க வைக்கிறோம், வெளிச்சம் நாங்க போடுறோம், டீ-சர்ட் போட்ட பையன் ஒருத்தனை எங்க சம்பளத்துல உங்க கடையில நிறுத்துறோம். ஒரு வருஷத்துல ஆற்காடு பஜார் முழுக்கப் பச்சையும் நீலமும். மாமா கடைப் பேர் போர்டோட மூலையில, பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும்.

இங்க என் உள்ளே இருக்கிற வரலாற்றுக் கிறுக்கனைக் கொஞ்சம் அவுத்து விடுறேன். 18-ஆம் நூற்றாண்டுல 'ஆற்காடு ரூபாய்'க்கு நல்ல மதிப்பு. ஆனா ஆற்காட்டுல அடிச்சதை விட வெளியில அடிச்சதுதான் பிரபலம். 1736-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்களும், 1742-ல் சென்னை கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆற்காடு ரூபாய் அடிக்கிற உரிமையை வாங்கினாங்க. பேர் நம்ம ஊருது, நாணயச்சாலை அவங்களுது. அவங்களுக்குத் தேவைப்பட்டது அந்தப் பேர் மேல சந்தையில இருந்த நம்பிக்கை.

பச்சை, நீல போர்டும் அதேதான். ஷென்சென் பக்கத்து கம்பெனிக்கு ஆற்காட்டுல முகம் கிடையாது. "அண்ணன் கடையில வாங்கினது"ங்கிற நம்பிக்கைதான் அவங்க வாடகைக்கு எடுத்தது. இந்தத் தடவை மாமா வித்தது கடையோட முகத்தை. காசு ஒழுங்கா வந்துச்சு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா வேற ஒரு கம்பெனி (பேர் வேணாம்) மாடல் இறங்கின ரெண்டாவது மாசத்துல விலையை ஆயிரம் ரூபாய் குறைச்சாங்க. கையிருப்புல இருந்த பதினோரு போனுக்கு வித்தியாசத் தொகை தர்றோம்னு சொன்னது இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

ரெண்டே வருஷத்துல நாலு அடி

2016 செப்டம்பர் 5, ஜியோ. பேச்சும் டேட்டாவும் முதல்ல டிசம்பர் வரைக்கும், அப்புறம் 2017 மார்ச் வரைக்கும் இலவசம். 2016 நவம்பர் 8, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது. 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி, கைபேசிக்கு 12 சதவீதம் (2020 ஏப்ரல்ல 18 ஆச்சு). 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாடு முழுக்கப் படுத்துச்சு. நம்பரை வேற கம்பெனிக்கு மாத்த ஜனம் கூட்டம் கூட்டமா அலைஞ்சாங்க, கொஞ்ச நாள்ல கம்பெனி திவால் மனு போட்டது. பெங்களூர்ல இருந்த நான் அந்த வாரம் மட்டும் அப்பா நம்பருக்கு நாப்பது தடவை அடிச்சிருப்பேன்.

இதுல மாமாவை உண்மையா சாய்ச்சது எதுன்னு நினைக்கிறீங்க? ஜியோ இல்லை, அவங்க சிம்முக்கும் கமிஷன் உண்டு. நோட்டு செல்லாதது கூட இல்லை. மூணு மாச ரீசார்ஜை ஒரே தடவையில, கையில இருக்கிற போனிலிருந்தே போடுற வசதிதான். 2016-ல் யுபிஐ வந்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துல பத்து ரூபாய் ஈசிங்கிற வியாபாரமே இல்லை. இருநூறு வரி இருந்த நோட்டுல இன்னிக்கு ஒரு நாளைக்குப் பத்து வரி. அதுவும் பெரியவங்க.

இந்த மாதிரி ஆப் எழுதுற தொழில்லதான் நான் இருக்கேன். அதனால் இந்தப் பாராவை எழுதும்போது கொஞ்சம் நெளிஞ்சுக்கிட்டேதான் எழுதுறேன்.

பெரிய கடைகள் ஜெயிச்சாங்களா?

'சின்னக் கடை போச்சு, பெரிய செயின் கடை ஜெயிச்சது' அப்படின்னு சுலபமா முடிச்சுடலாம். கதை அப்படி இல்லை. 1997-ல் சென்னையில தொடங்கின யூனிவர்செல் தமிழ்நாடு தாண்டியும் பரவி, ஆன்லைன் அலையில காணாமப் போச்சு. எஸ்ஸார் குழுமத்தோட 'தி மொபைல் ஸ்டோர்' அதே கதி. 2004-ல் கோடம்பாக்கத்துல ஒரு கடையா ஆரம்பிச்ச பூர்விகா நிலைச்சு நின்னுச்சு. ஆக, பெருசா இருக்கிறது மட்டும் பாதுகாப்பு இல்லை.

2019 பிப்ரவரி முதல் அமலான அரசு விதி, ஆன்லைன் சந்தைகள் 'எங்ககிட்ட மட்டும் விக்கணும்'னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்லுச்சு. 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவு போட்டது. 2024-ல் தென்னிந்தியக் கடைக்காரர் சங்கம் ஒண்ணு, சுமார் 4,500 கடைகள் சார்பா, மே 1 முதல் ஒன்பிளஸ் போன் விக்க மாட்டோம்னு கடிதம் எழுதினாங்க. லாபம் கம்மி, வாரண்டி பணம் தாமதம், வேண்டாத சரக்கைச் சேத்துத் தலையில கட்டுறாங்கன்னு புகார். முப்பது வருஷத்துல கடைக்காரங்க ஒரு கம்பெனியைப் பாத்து "உன் போன் வேணாம்"னு சொன்னது எனக்குத் தெரிஞ்சு பெரிய விஷயம்.

இன்னொண்ணும் நடந்துச்சு. ஆன்லைன்ல மட்டுமே விப்போம்னு வந்த ஷாவ்மி, 2017 மே மாசம் பெங்களூர்ல முதல் எம்ஐ ஹோம் கடையைத் திறந்தாங்க. அப்புறம் சின்ன ஊர்க் கடைகளுக்கும் வந்தாங்க. இந்தியாவுல பாதிக்கும் மேல ஜனம் தொட்டுப் பாத்து, நாலு பேரைக் கேட்டு, கெட்டுப்போனா கொண்டுவந்து மேஜை மேல வைக்க ஒரு இடம் இருந்தாத்தான் வாங்கும். எந்த அல்காரிதமும் இதை இன்னும் தாண்டலை.

இப்ப என்ன விக்கிறாங்க?

இன்னிக்கு மாமா கடையில பதினஞ்சாயிரம் ரூபாய் போன் வித்தா கையில நிக்கிறது சில நூறு. அதுவும் பெரும்பாலும் இஎம்ஐ. பைனான்ஸ் கம்பெனிப் பையன் டேப்லெட்டோட கடையிலேயே உக்காந்திருப்பான். நூறு ரூபாய் டெம்பர் கிளாஸ் ஒட்டினா பாதிக்கு மேல நிக்கும். பவுச், சார்ஜர், டிஸ்ப்ளே மாத்துறது, இதுலதான் வாடகை.

ஆனா நாள் முழுக்க ஸ்டூல்ல உக்காந்து பாத்தா, கடைக்கு வர்றவங்க பாதிப் பேர் எதுவும் வாங்க வர்றதில்லை. ஷூ கம்பெனியிலிருந்து நின்ன அக்கா பிஎஃப் பணம் எடுக்கணும், ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது. பெரியவர் ஒருத்தர், "இன்னாபா, பென்ஷன் மெசேஜ் வரலை, சிம்மு வேலை செய்யுதா கொஞ்சம் பாரு." ஒரு பையன், தொலைஞ்ச போனை முடக்கணும். புது போனுக்கு வாட்ஸ்அப் மாத்தணும், செத்துப்போன கணவரோட போட்டோ எல்லாம் பழைய போன்ல இருக்கு, அதை எடுத்துத் தரணும். ஆதார், பேங்க், கேஸ், பிஎஃப், எல்லாமே இந்த ஒரு நம்பர்ல தொங்குது. நம்பர் போனா மனுஷனே இல்லைங்கிற நிலைமை. இதையெல்லாம் மாமா இத்தனை வருஷமா சும்மாவே செஞ்சு கொடுத்தார். "அண்ணே, நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"ங்கிற அந்தப் பழைய வாக்கியம்தான்.

நிமிஷம், பில் இல்லாத போன், ரீசார்ஜ், பாட்டு, போர்டு. மாமா வித்த அஞ்சு சரக்கையும் வேற யாரோ ஒரு உத்தரவுல, ஒரு ஆப்ல, ஒரு விலைக்குறைப்புல எடுத்துட்டாங்க. எடுக்க முடியாம மிச்சம் இருந்த ஒரே சரக்குக்கு அவர் விலையே போடலை.

போன பொங்கல் லீவுல ரெண்டு பேரும் இதைப் பத்தி ரொம்ப நேரம் பேசினோம். "அதுக்கெல்லாம் எப்படிடா காசு கேக்கிறது, தெரிஞ்ச ஜனம்டா மாப்ள"ன்னார். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "மாமா, சலூன்ல தெரிஞ்சவர்னு முடியை இலவசமாவா வெட்டுறாங்க?" சிரிச்சுட்டு விட்டுட்டார்.

அடுத்த மாசம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. பச்சை போர்டுக்குக் கீழ, கையால எழுதின அட்டை: 'போன் மாற்றித் தர, போட்டோ எடுத்துத் தர, ஓடிபி வேலைகள் - ரூ. 50'. அதுக்குக் கீழ பொடி எழுத்துல 'வயதானவர்களுக்கு இலவசம்'. யாரும் சண்டை போடலையாம். ஒரு வாரத்துல அந்த அட்டையில வந்த காசு, அந்த வாரம் போன் வித்து நின்ன காசை விட ஜாஸ்தியாம்.

இதையும் ஒருநாள் யாராவது ஒரு ஆப்ல போட்டு எடுத்துடலாம். எடுக்கட்டும். அதுவரைக்கும் உங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒரு கடை இருக்கும், உங்க அம்மா அப்பா போனோட அங்கதான் போய் நிப்பாங்க. அடுத்த தடவை சார்ஜர் வாங்கணும்னா, நாப்பது ரூபாய் அதிகம்னாலும் அங்க வாங்குங்க.

டிஸ்கி: மக்கன் பேடா பத்தி எழுதச் சொல்லி நச்சரிக்கிறவங்களுக்கு: அடுத்த பதிவு அதுதான். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி.